எம்ஜிபி வாங்கப் போகிறவர் முழங்காலிட்டே ஆக வேண்டும்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒரே பெயர்தான்: எம்ஜிபி. ஜாகுவார் ஈ-டைப் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் விலையில் பாதியை வைத்தே வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். எம்ஜிபியை 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதனால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமே கிடையாது. திருகாணியில் தொடங்கி எல்லாம் கிடைக்கும். முழு பாடியையே விட்னி என்ற ஊரில் இன்றும் புதிதாகச் செய்து தருகிறார்கள்.

நான் ஆபிங்டனுக்குப் பக்கத்தில் டிட்காட்டில் இருக்கிறேன். வேலை மருந்துக்கடையில். மெக்கானிக் இல்லை, படித்ததும் அது இல்லை. என்னிடம் இருப்பது 1976-ஆம் வருட எம்ஜிபி ஜிடி. காவி கலந்த மஞ்சள் நிறம், முன்னும் பின்னும் கறுப்பு ரப்பர் பம்பர். ஊருக்கு போன் பேசும்போது “எம்ஜி வைத்திருக்கிறேன்” என்றால் “ஹெக்டரா?” என்று கேட்கிறார்கள். இப்போது எம்ஜி என்ற பெயர் ஒரு சீனக் கம்பெனியிடம் இருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பழைய எம்ஜியும் தூரத்துச் சொந்தம்தான். அம்பாசிடரில் காலங்காலமாக ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும், எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். அம்பாசிடர் பானெட்டைத் திறந்து பார்த்தவர் எவரும் இங்கே திகைத்து நிற்க மாட்டார்.

எந்த மாடல் வாங்குவது? கூரையைக் கழற்றும் ரோட்ஸ்டர், பின்பக்கம் கதவு வைத்த கூரையுள்ள ஜிடி, இந்த இரண்டில் ஒன்று. ஜிடி வந்தது 1965-இல். ரோட்ஸ்டருக்கு எப்போதும் விலை அதிகம், எல்லோருக்கும் அதுதான் கனவு. அதே மாதிரி 1974 செப்டம்பர் வரை வந்த குரோம் பம்பர் கார்களுக்கும் மவுசு அதிகம். அதற்குப் பிறகு அமெரிக்கச் சட்டத்துக்காக ரப்பர் பம்பர் மாட்டி, வண்டியின் உயரத்தையும் கொஞ்சம் தூக்கிவிட்டார்கள். வளைவில் அது சற்றுச் சாயும். கார் கூட்டங்களுக்குப் போனால் குரோம்காரர்கள் நம்மைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதன்முதலாக வாங்குகிறவருக்கு நான் சிபாரிசு செய்வது ரப்பர் பம்பர் ஜிடியைத்தான். நல்ல நிலையில் உள்ளதே பத்தாயிரம் பவுண்டுக்குள் கிடைக்கும். மழை ஒழுகாது. நான்கு கியரிலும் சிங்க்ரோமெஷ் உண்டு, கியர் கரகரக்காமல் விழ உதவும் அமைப்பு அது. 1967-க்கு முந்தைய கார்களில் முதல் கியருக்கு அது இல்லை. சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிக்குப் பதில் ஒரே பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. பின்சீட்டு என்று ஒன்று இருக்கிறது, காய்கறிப் பை வைக்கச் சரியாக இருக்கும்.

ஸ்போக்ஸ் வீல் வைத்த கார் புகைப்படத்தில் நன்றாக இருக்கும். துடைப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அதோடு ஹப்பில் உள்ள பற்கள் தேய்ந்துபோனால் செலவு. சாதாரண இரும்பு வீலோ ராஸ்டைல் என்ற அலங்கார இரும்பு வீலோ உள்ள காரை எடுங்கள்.

சரி, கார் பார்க்கப் போகிறீர்கள். முந்தின நாளே விற்பவருக்கு போன் செய்து, நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. போனதும் முதல் வேலை பானெட் மேல் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். “உள்ளே வாங்க, டீ சாப்பிடலாம்” என்பார்கள். டீ அப்புறம். மழை நாளில் போக வேண்டாம், நனைந்த பெயிண்டில் எல்லாக் காரும் பளபளக்கும். பழைய பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம், பெயிண்ட் கீறாமல் இருக்கக் காந்தத்தைச் சுற்ற மெல்லிய துணி, தரையில் விரிக்க ஒரு பாய், இவ்வளவும் போதும்.

இப்போது முக்கியமான விஷயம். எம்ஜிபிக்கு லாரி மாதிரி தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை இரண்டு பக்கமும் ஓடும் இரும்புப் பெட்டிக்கு சில் என்று பெயர். வண்டியை நடுவில் மடங்காமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். வெளியே ஒரு தகடு, நடுவில் செங்குத்தாக ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, அடியில் கோட்டைச் சுவர் போல மடித்த ஒரு தகடு. அதை காஸில் ரெயில் என்பார்கள். வெளித்தகடு மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரியும். உள்ளே மூன்றும் பொடிப்பொடியாகப் போயிருந்தாலும் வெளியே புதுத் தகடு ஒட்டிப் பெயிண்ட் அடித்துவிட்டால் பார்க்க ஜம்மென்று இருக்கும். இந்தக் காரில் ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் ஏமாறுவது இந்த ஒரு இடத்தில்தான்.

சில்லை ஒழுங்காக மாற்ற வேண்டுமென்றால் முன் மட்கார்டின் அடிப்பகுதியையும் பின் மட்கார்டின் அடிப்பகுதியையும் தொட்டாக வேண்டும், ஏனென்றால் சில்லின் இரு முனைகளும் அவற்றுக்குள்ளே போய் ஒளிந்திருக்கின்றன. வேலை தெரிந்தவர் முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டின் அடியை வெட்டி, கதவு இடைவெளி மாறாமல் பாடிக்கு உள்ளே முட்டுக் கொடுத்து, அப்புறம்தான் வெல்டிங் பண்ணுவார். அவசரக்காரர் கதவுக்குக் கீழே தெரியும் பகுதியில் மட்டும் மேல்தகடு ஒன்றை வைத்து ஒட்டிவிடுவார். ஆகவே விற்பவரிடம் “சில் மாற்றியதா?” என்று கேட்டால் போதாது. எப்போது, யார், எந்தெந்தத் தகடு என்று கேளுங்கள், வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர் கேட்பதற்கு முன்பே ஆல்பத்தைத் திறந்துவிடுவார். அந்தப் படங்களைப் பெயிண்டைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

பாயை விரித்துப் படுத்து அடியில் டார்ச் அடியுங்கள். காஸில் ரெயிலின் மடிப்பும் வெல்டிங் புள்ளிகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். துரு பிடிக்காமல் இருக்க அடியில் பூசும் கறுப்பு அண்டர்சீல் கெட்டியாக, அதுவும் புதிதாகப் பூசியிருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சில் மேல் காந்தத்தை நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி பார்த்திருக்கிறார்கள். கதவை மெதுவாக மூடித் திறந்து, பின் ஓரத்தின் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள். மேலே குறுகிக் கீழே அகலமாக இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. விற்பவர் சம்மதித்தால் ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளி மாறினால், கதவு இறுகினால், அதே இடத்தில் நன்றி சொல்லிவிட்டு அந்த டீயையும் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். ரோட்ஸ்டரில் இந்தச் சோதனை உயிர்நாடி. ஜிடியில் கூரை கொஞ்சம் தாங்கிப் பிடிப்பதால் தொய்வு வெளியே தெரியாமல் இருக்கலாம், அதற்காக அடியில் பார்ப்பதை விட்டுவிட வேண்டாம்.

மற்றத் துரு இடங்கள் இதைவிடச் சின்னத் தலைவலிதான். முன் மட்கார்டின் மேல்பகுதியில், முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் கொப்புளம் இருந்தால் உள்ளே சேறு அடைந்து கிடக்கிறது. அந்த மட்கார்டு போல்ட் போட்டதுதான், கழற்றி மாற்றலாம். கதவின் முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே ஒரு விரிசல் வரும், எம்ஜிபிக்கு அது பிறவிக்குணம். முன்சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கி பேட்டரிப் பெட்டியைப் பாருங்கள், ஆசிட் கொட்டி ஓட்டையாகியிருக்கும். பின் லீஃப் ஸ்பிரிங் பாடியோடு சேரும் இடங்களைக் கட்டாயம் பாருங்கள், அங்கே துரு என்றால் ஆபத்து. டிக்கித் தரைக்கும் பெட்ரோல் டேங்க்குக்கும் நடுவில் ஈரம் தங்கி டேங்க்கின் மேல்பக்கம் அரித்துப் போகும். பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். டேங்க் புதிது விலை குறைவுதான்.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாததற்குக் காரணம் உண்டு. அது முரட்டு எஞ்சின், பழுது பார்ப்பது எளிது. அது கெட்டுப்போயிருந்தாலும் நல்ல பாடியுள்ள காரை வாங்கலாம், எஞ்சின் நன்றாக இருந்து பாடி கெட்டிருந்தால்தான் யோசிக்க வேண்டும். சூடான பிறகு ஓடும்போது ஆயில் பிரஷர் 50-லிருந்து 80 பிஎஸ்ஐ வரை இருக்கட்டும், ஐடிலிங்கில் 15-க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தால் வால்வு கைடு. வால்வைத் திறக்கும் டேப்பட் டிக் டிக் என்று சத்தம் போட்டால் பயம் வேண்டாம், சத்தமே இல்லாவிட்டால்தான் யாரோ அதிகம் இறுக்கியிருக்கிறார்கள். கீழே நாலு சொட்டு ஆயில் இருந்தால் எஞ்சினில் ஆயில் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம். முதலாவது கிளட்ச். அதை மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும், கூலி அதற்குத்தான். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். எஞ்சின் மட்டும் கத்தி வண்டி வேகம் பிடிக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டாவது, எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர். நான்காவது கியரில் சுவிட்சைப் போட்டால் எஞ்சின் சுற்று ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சட்டென்று இறங்க வேண்டும். மோட்டார்வேயில் அது இல்லாமல் போனால் காது போய்விடும். வேலை செய்யாவிட்டால் பல நேரம் ஒயரிங் கோளாறாக இருக்கும், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போதும் ரிவர்ஸிலும் பின்னாலிருந்து ஒரு ‘டக்’ கேட்டால் ஆக்சிலுக்குள் வாஷர் தேய்ந்திருக்கிறது. என் காரும் அப்படிச் சத்தம் போட்டுக்கொண்டேதான் ஓடுகிறது.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. பானெட்டுக்குள் உள்ள தகட்டில் எண் ஜிஎச்டி என்று தொடங்கினால் ஜிடி, ஜிஎச்என் என்றால் ரோட்ஸ்டர். அது லாக்புக் என்ற பதிவு ஆவணத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். லாக்புக் யார் வண்டியைப் பராமரிக்கிறார் என்பதற்குத்தான் ஆவணம், யாருக்குச் சொந்தம் என்பதற்கு அல்ல. ஆகவே ரசீது வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பதிவு எண்ணை வைத்து அரசு இணையதளத்தில் எம்ஓடி என்ற வருடாந்தர வண்டிச் சோதனையின் பழைய விவரங்களை இலவசமாகப் பார்க்கலாம், எந்த வருடம் எந்த இடத்தில் துரு என்று எழுதியிருப்பார்கள். அதை வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள், பேரத்துக்கு உதவும். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் கார் எந்த நாளில் செய்யப்பட்டது, முதலில் என்ன நிறம் என்று சான்றிதழ் தருவார்கள். எம்ஜிபி எல்லாமே நாற்பது வயது தாண்டியவை என்பதால் ஹிஸ்டாரிக் வகையில் பதிந்தால் சாலை வரி இல்லை. பெரிய மாற்றம் எதுவும் செய்யாத காருக்கு எம்ஓடி கட்டாயமும் இல்லை. இருந்தாலும் நான் வருடா வருடம் எம்ஓடிக்குக் கொண்டுபோகிறேன். அடியில் நின்று ஒருவர் வெளிச்சம் போட்டுப் பார்த்துச் சொல்வதற்கு அந்தக் கட்டணம் மலிவு. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது காரின் மதிப்பை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் கிளாசிக் பாலிசியாகப் பாருங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு பழைய இரும்பு விலைதான் கிடைக்கும்.

வாங்கியாயிற்று. இனிப் பராமரிப்பு.

இங்கிலாந்தில் இந்தக் காரின் முதல் எதிரி உப்பு. குளிர்காலத்தில் சாலை உறையாமல் இருக்க கவுன்சில் லாரிகள் கல்லுப்பைத் தூவிக்கொண்டே போகும். உப்பு தூவிய பிறகு நல்ல மழை பெய்து கழுவும்வரை நான் வண்டியை வெளியே எடுப்பதில்லை. எடுக்க நேர்ந்தால் அன்றைக்கே மட்கார்டு உட்பக்கங்களைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவேன். அழுத்தம் அதிகமான ஜெட் வேண்டாம், ஓடை போல ஓடும் தோட்டக்குழாய் போதும். கோடையில், ஜூலை மாதம் வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து சில்லுக்குள் வாக்ஸாயில் என்ற துரு தடுக்கும் மெழுகை அடியுங்கள். குளிரில் அது கெட்டியாகி உள்ளே பரவாது. சில்லின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் உண்டு. அடித்து முடித்தபின் ஒரு கம்பியால் அவற்றைக் குத்தி அடைப்பு எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதுகாக்கப் போட்ட மெழுகே தண்ணீரைத் தேக்கி வைக்கும்.

மூடிப்போட்டு வைப்பது பராமரிப்பு அல்ல. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும். காற்றோட்டமுள்ள ஷெட்டில் நிறுத்தி, பேட்டரிக்கு மெயின்டனன்ஸ் சார்ஜர் மாட்டி, உப்பில்லாத நாள் பார்த்து எடுத்து ஓட்டுங்கள். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதைப் போலக் கெடுதல் வேறில்லை. ஆயிலும் சைலன்சரும் முழுக்கச் சூடாகி ஈரம் வெளியேற வேண்டும், அதற்கு அரைமணி நேரமாவது சாலையில் ஓட வேண்டும். ரோட்ஸ்டர் வைத்திருப்பவர்கள் வினைல் கூரையை ஈரத்தோடும் கடும் குளிரிலும் மடிக்க வேண்டாம், விரிசல் விடும்.

ஆயில் 20டபிள்யூ50, பழைய கார்களுக்கென்று விற்பது. புதிய கார்களுக்கான மெல்லிய ஆயிலில் துத்தநாகம் குறைவு, கேம்ஷாஃப்ட் தேயும். 3,000 மைலுக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதே நாளில் கிரீஸ் கன்னையும் எடுங்கள். முன் சக்கரங்கள் திரும்பும் அச்சான கிங்பின்னில், கிரீஸ் அடிக்கப் பக்கத்துக்கு மூன்று நிப்பிள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பாரம் இல்லாத நிலையில் அடித்தால்தான் கிரீஸ் உள்ளே போகும். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கும்போது அடியில் போகாதீர்கள், ஆக்சில் ஸ்டாண்ட் கட்டாயம். இந்தக் கிரீஸ் வேலையை யாரும் செய்வதில்லை, அதனால்தான் எம்ஜிபி ஸ்டியரிங் கனம் என்று ஊரெல்லாம் பேச்சு. பிரேக் ஃப்ளூயிடை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

எஸ்யு கம்பெனியின் கார்புரேட்டர் இரண்டு இருக்கும். தலையில் உள்ள மூடியைக் கழற்றினால் டாஷ்பாட் என்ற சின்னக் குழாய் தெரியும், அதில் கொஞ்சம் மெல்லிய ஆயில் இருக்க வேண்டும். வறண்டுபோனால் ஆக்சிலரேட்டர் மிதித்தவுடன் வண்டி திணறும். ஆறு மாதம் எவரும் பார்க்காத இடம் அது. மற்றபடி கார்புரேட்டர் திருகைச் சும்மா திருகிக்கொண்டிருக்காதீர்கள். வண்டி சரியாக ஓடவில்லை என்றால் முதலில் பிளக், இக்னிஷன் பாயிண்ட், டேப்பட், கடைசியில்தான் கார்புரேட்டர். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டேப்பட்டுக்கு ஒன்பது கணக்கு உண்டு: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும், ஏழாவது திறந்தால் இரண்டாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இக்னிஷனில் உள்ள ரோட்டர் ஆர்ம், கண்டன்சர் இரண்டிலும் புதிதாக விற்பவற்றில் மட்டமானவை நிறைய. ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டர் ஆர்மாகத் தேடி வாங்குங்கள்.

இந்தக் காரில் உள்ள லூகாஸ் கம்பெனி எலக்ட்ரிக்கைப் பற்றி இங்கே ஆயிரம் கிண்டல். பாதிக்கு மேல் குறை ஒயரில் இல்லை, பச்சை பூத்த கனெக்டரிலும் எர்த்திலும்தான். ஒரு மழைக்கால மாலையில் ஒவ்வொரு கனெக்டராகப் பிரித்துத் தேய்த்து மாட்டினால் விளக்குகளே புதிதாகத் தெரியும். நிறங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: பிரவுன் எப்போதும் கரண்ட் உள்ளது, ஃபியூஸ் கிடையாது, ஆகவே அதில் கை வைக்குமுன் பேட்டரியைக் கழற்றுங்கள். வெள்ளை சாவி போட்டதும் வருவது. பச்சை அதுவே ஃபியூஸ் வழியாக. ஊதா ஃபியூஸோடு எப்போதும் கரண்ட். கறுப்பு எர்த்.

பெட்ரோல் போடும்போது 2021-இலிருந்து சாதாரண பம்பில் வருவது ஈ10. அதில் உள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்து விரிசல் விட வைக்கும். விலை அதிகமானாலும் ஈ5 என்று எழுதிய சூப்பர் போடுங்கள், கூடவே குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ஆர்9 என்று அச்சிட்டதாக மாற்றிவிடுங்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகுவது விளையாட்டில்லை. சிக்னலில் நிற்கும்போது கிளட்ச்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலில் போடுங்கள். கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் கார்பனால் ஆனது, மிதித்து நின்றால் தேய்ந்துகொண்டே இருக்கும், அதை மாற்றவும் எஞ்சின் வெளியே வர வேண்டும்.

டயரில் டிரெட் ஆழம் மட்டும் பார்க்காமல் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2315 என்றால் 2015-ஆம் வருடம் 23-ஆவது வாரம். வருடத்தில் சில நூறு மைல் ஓடும் காரில் டயர் தேய்வதற்கு முன்பே கெட்டிப்பட்டுவிடும். பத்து வயது ஆனதென்றால், பார்க்கப் புதிதாக இருந்தாலும், ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் மாற்றிவிடுங்கள். டிக்கியில் ஒரு ரோட்டர் ஆர்ம், கண்டன்சர், ஃபேன் பெல்ட், ஃபியூஸ், ஒரு லிட்டர் ஆயில், கொஞ்சம் ஒயர், ஒரு சின்னச் சுத்தியல் இருக்கட்டும். எஸ்யு பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்பதை நிறுத்திவிட்டால் அந்தச் சுத்தியலின் பிடியால் பம்ப்பை லேசாக ஒரு தட்டு தட்டுங்கள், வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிடும். மறுநாளே புது பம்ப்புக்கு ஆர்டர் போட்டுவிடுங்கள்.